கோத்தகிரி ஈரத்தில் பழைய வாட்ச் பழுது பார்க்கப் பழகுவது எப்படி?

கோத்தகிரி_முள்:
சாவி கொடுக்கும் பழைய வாட்ச்களைப் பிரித்துச் சுத்தம் செய்யப் பழக வேண்டும். முதலில் எதில் கை வைக்கலாம், எந்தக் கருவிகள் போதும்? இங்கே ஐப்பசி, கார்த்திகையில் அலமாரித் துணியே பூஞ்சை பிடிக்கிறது. திறந்து வைத்த மூவ்மென்ட்டை (வாட்சின் உள் இயந்திரத்தை) துருவிலிருந்து எப்படிக் காப்பது?

ஊசிமுனை:
ஹெச்எம்டி ஜனதாவில் தொடங்குங்கள். ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத் தொழில்நுட்பத்தோடு 1961-ல் பெங்களூரில் வாட்ச் தயாரிப்பைத் தொடங்கிய நிறுவனம் ஹெச்எம்டி. ஜனதாவில் உராய்வைக் குறைக்கும் 17 கல், மணிக்கு 18,000 துடிப்பு, பாகங்கள் பெரியவை. ஒன்று ஓடுவதாகவும், இரண்டு ஓடாததாகவும் வாங்குங்கள். ஓடாததைப் பிரித்துப் பழகிய பிறகே ஓடுவதைத் தொட வேண்டும். ஓடிக்கொண்டிருந்த வாட்ச் பூட்டியதும் நின்றால், தவறு பெரும்பாலும் நம் பூட்டலில் இருக்கும் என்று தெரிந்துவிடும். தேடும் இடம் சுருங்கும். பளபளக்கும் புது டயல் ஒட்டிப் பழையது என்று இணையத்தில் விற்பவை நிறைய. அவற்றுக்கு அதிக விலை கொடுக்காதீர்கள்.

கருவி: 0.8, 1.0, 1.2, 1.6 மி.மீ. ஸ்க்ரூ டிரைவர்கள், 3, 5 எண் ட்வீசர்கள், 5 மடங்கும் 10 மடங்கும் காட்டும் கண்லென்ஸ்கள், மூவ்மென்ட் ஹோல்டர், முள் கழற்றி, காற்றுப் பந்து, விரல் உறை. டிரைவர் நுனி ஸ்க்ரூவின் கோட்டை முழுதாக நிரப்ப வேண்டும். ஒல்லியான நுனி கோட்டைச் சிதைத்து, வழுக்கிப் பிரிட்ஜை (சக்கரங்களை மேலிருந்து பிடிக்கும் தகட்டை) கீறும்.

லூப்_கண்:
பிரிக்கும் வரிசையில்தான் பலர் தவறுகிறார்கள். முதலில் மெயின் ஸ்பிரிங்கின் விசையை இறக்க வேண்டும். கிரவுனை (சாவி கொடுக்கும் குமிழை) இறுகப் பிடித்துக்கொண்டு, ஸ்பிரிங் அவிழாமல் தடுக்கும் கொக்கியான கிளிக்கை விலக்கி, கிரவுன் விரலுக்குள் மெல்லச் சுழலும்படி விடுங்கள். விசை ஏறியிருக்கும்போது, சக்கரங்களைத் தடுத்துத் தடுத்து விடும் பேலட் ஃபோர்க்கை எடுத்தால், சக்கரங்கள் ஒரு நொடியில் சுழன்று பிவட்டை (அச்சின் மெல்லிய நுனியை) உடைத்துவிடும். பிறகு பேலன்ஸ் (முன்னும் பின்னும் ஆடும் சக்கரம்), பேலட் ஃபோர்க், மெயின் ஸ்பிரிங்கை முறுக்கும் ராட்செட் சக்கரம், பிரிட்ஜ்கள் என்ற வரிசை. கிரவுன் சக்கரத்தின் ஸ்க்ரூ பல மூவ்மென்ட்களில் இடப்புரி மரை. வராவிட்டால் பலத்தைக் கூட்டாமல் எதிர்த் திசையில் முயலுங்கள். ஒவ்வொரு படிக்கும் படம் எடுங்கள்.

சுத்தம் செய்ய நாப்தா (எளிதில் தீப்பற்றும் பெட்ரோலியக் கரைப்பான்) போதும்; வாசல் திறந்து, அடுப்பு எரியாத இடத்தில். பேலட் ஃபோர்க்கையும் பேலன்ஸையும் ஸ்பிரிட்டில் (ஆல்கஹாலில்) ஊறப் போடாதீர்கள். கற்களை ஒட்டியிருக்கும் அரக்கு அதில் கரையும்.

எண்ணெயில் குறைவே நல்லது. கல்லின் குழியில் பாதிக்குச் சற்று மேல் வந்தால் போதும். வேகமான பிவட்டுகளுக்கு மோபியஸ் 9010 என்ற மெல்லிய வாட்ச் எண்ணெய், பேரல் (மெயின் ஸ்பிரிங் இருக்கும் உருளை) போன்ற மெதுவான இடங்களுக்குக் கெட்டி எண்ணெய். சக்கரப் பற்களுக்கும் பேலட் ஃபோர்க்கின் பிவட்டுகளுக்கும் எண்ணெயே வேண்டாம். கெட்டிப்பட்ட பழைய எண்ணெய் குளிரில் இன்னும் இறுகும். காலையில் நின்று, கையில் கட்டிய பின் ஓடும் வாட்சில் அதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

ஊசிமுனை:
ஈரத்தைப் பற்றி: மூடுபனி நேரத்தில் ஸ்பிரிட்டில் அலசினால், அது ஆவியாகும்போது உலோகம் குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் படியும். பேலன்ஸை ஆட வைக்கும் மெல்லிய சுருளான ஹேர் ஸ்பிரிங்கில் அந்த ஈரம் தங்கினால் ஆரஞ்சுப் புள்ளியாகத் துரு வரும். துரு அரித்த ஸ்பிரிங் ஒருநாளும் சீராக ஓடாது. அதனால் கடைசி அலசல் நாப்தாவில் இருக்கட்டும். நாப்தா முழுதும் ஆவியாகிப் போனதும் பாகங்களை 40 டிகிரி அளவுள்ள வெதுவெதுப்பில் உலர்த்துங்கள். பெட்டிக்குள் எரியும் ஒரு குண்டு பல்பு போதும்; அதிகச் சூட்டில் அரக்கு இளகிவிடும்.

வேலை பாதியில் நின்றால் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் 120 டிகிரியில் சூடாக்கித் திரும்பப் பயன்படுத்தலாம். பின்மூடியைப் போடுவதற்கு முன் வாட்சை அந்த டப்பாவில் ஓர் இரவு வைப்பது அவசியம். ஈரக் காற்றோடு மூடினால், இரவு குளிரும்போது கண்ணாடியின் உள்பக்கம் பனி படியும். கேஸ்கெட்டை (ஈரம் புகாமல் தடுக்கும் வளையத்தை) புதிதாக மாற்றி, சிலிக்கோன் கிரீஸ் லேசாகத் தடவுங்கள்.

கோத்தகிரி_முள்:
நன்றி. சுத்தம் செய்த வாட்ச் நாளுக்குப் பல நிமிடம் வேகமாக ஓடினால்?

லூப்_கண்:
பெரும்பாலும் காந்தம். ஹேர் ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டி, நீளம் குறைந்ததுபோல ஆகிவிடும். வாட்ச் அருகே திசைகாட்டியை வையுங்கள். அதன் ஊசி ஆடினால் காந்தத்தை நீக்கும் டீமேக்னடைசர் தேவை. ஊசி அசையாவிட்டால் சுற்றுகளுக்கிடையில் எண்ணெய் ஏறியிருக்கும். பேலன்ஸை மட்டும் கழற்றி நாப்தாவில் அலசுங்கள். இரண்டும் சரியான பிறகே, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டரைத் தொட வேண்டும்.