டீட்டன் மலையில் மூன்று நாள்: முழங்கால் வலியுள்ள அம்மா, கயாக் கேட்கும் பிள்ளைகள்

சோமனூர்க்காரன் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். நான் சால்ட் லேக் சிட்டி பக்கம் இருக்கிறேன். ஜூலை இரண்டாவது வாரம் கோயமுத்தூரிலிருந்து அம்மா, அக்கா, மாமா, அக்கா பிள்ளைகள் இரண்டு பேர் வருகிறார்கள். கோயிலும் கடைவீதியும் போதும், இந்த முறை மலைக்குத்தான் போகவேண்டும் என்று அக்கா மகள் (14 வயது) தீர்மானமே போட்டுவிட்டாள். வயோமிங் மாநிலத்தில் கிராண்ட் டீட்டன் தேசியப் பூங்கா இருக்கிறதே, அந்த டீட்டன் மலையடியில் யாரோ கயாக் என்கிற சிறு துடுப்புப் படகு ஓட்டுவதை வீடியோவில் பார்த்திருக்கிறாள். பக்கத்து ஊரான ஜாக்ஸனில் மூன்று இரவுக்கு அறை போட்டாயிற்று.

அம்மாவுக்கு 66 வயது. முழங்கால் தேய்மானம். ஏறுவதைவிட இறங்கும்போதுதான் வலி அதிகம் என்பார். மாமாவுக்குத் தண்ணீர் என்றாலே பயம். அக்கா மகளைத் தவிர எங்களில் யாருக்கும் நீச்சல் தெரியாது. சின்னவனுக்கு 9 வயது. அந்த உயரத்தில் அம்மாவுக்கு மூச்சு வாங்குமா? எந்த ஏரி, எந்த நடை சரிப்படும்? என்னிடம் காற்றடிக்கும் கயாக் ஒன்று இருக்கிறது, போன வாரம்தான் லேக் பவலில் ஓட்டினேன். அதையே கொண்டுபோகலாமா? கரடியைப் பற்றியும் சொல்லுங்கள். அம்மாவிடம் அதை இன்னும் சொல்லவில்லை.

நெடுஞ்சாலை_நாடோடி:

அவ்வளவு தூரம் போய்விட்டு பக்கத்திலிருக்கும் யெல்லோஸ்டோன் பூங்காவைப் பார்க்காமல் வந்தால் எப்படி? ஜாக்ஸனிலிருந்து தெற்கு வாசல் ஒன்றரை மணி நேரம்தான். ஒரு நாள் ஒதுக்கி ஓல்ட் ஃபெய்த்ஃபுல் வெந்நீர் ஊற்றைப் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள். ஊரில் போய்ச் சொன்னால் நாலு பேருக்குத் தெரிந்த பெயர் அதுதான்.

உருளைக்கிழங்கு_மாமா:

தம்பி, நான் ஐடஹோ ஃபால்ஸில் இருக்கிறேன். டீட்டனின் முதுகுப்பக்கம். ஊரிலிருந்து யார் வந்தாலும் அங்கேதான் அழைத்துப்போவேன், எங்கள் ஊரில் காட்டுவதற்குக் கிழங்கு வயலைத் தவிர அதிகம் இல்லை.

யெல்லோஸ்டோனை இந்த முறை விட்டுவிடுங்கள். ஒன்றரை மணி நேரம் என்பது வாசல் வரைக்கும். அதற்குள் போய், ஜூலைக் கூட்டத்தில் வண்டி நிறுத்த இடம் தேடி, வெந்நீர் ஊற்று பீறிட ஒன்றரை மணி நேரம் வரை காத்திருந்து, இருட்டில் திரும்பி வந்தால் அந்த நாள் முழுக்க அம்மா காரில்தான் உட்கார்ந்திருப்பார். முழங்காலுக்கு அதைவிடக் கெடுதல் இல்லை.

உயரத்துக்கும் பயப்பட வேண்டாம். ஜென்னி ஏரி 6,783 அடி. ஊட்டி அதைவிட உயரம். கோயமுத்தூர்க்காரர்களுக்கு இது ஒரு விஷயமா? ஆனால் ஊட்டியில் இருக்கிற ஈரம் இங்கே கிடையாது. காற்று காய்ந்து கிடக்கும், வெயில் சுள்ளென்று அடிக்கும், வியர்ப்பதே தெரியாது. பாத்ரூம் தேட வேண்டுமே என்று நம் அம்மாக்கள் தண்ணீர் குடிக்காமலே இருப்பார்கள் பாருங்கள், தலைவலி அதில்தான் வரும்.

கயாக்குக்கு ஸ்ட்ரிங் ஏரி. வேறு யோசனையே வேண்டாம். லீ ஏரிக்கும் ஜென்னி ஏரிக்கும் நடுவே நீளமாக, குறுகலாகக் கிடக்கிற தண்ணீர். ஆழம் குறைவு, கரையோரமாகவே போனால் அடியில் இருக்கும் கல் தெரியும். எதிரே மலை நேராக எழுந்து நிற்கும். கிராண்ட் டீட்டன் சிகரம் 13,775 அடி, மலைக்கு முன்னால் குன்றுகூடக் கிடையாது. உங்கள் அக்கா மகள் பார்த்த வீடியோவும் இங்கே எடுத்ததாகத்தான் இருக்கும். ஜாக்ஸன் ஏரி பெரியது, மதியத்துக்கு மேல் காற்று கிளம்பினால் அலை எழும்பும், பழகாதவர்கள் கரை திரும்புவதே பெரும்பாடு. ஸ்ட்ரிங் ஏரியின் வட கோடியில் கயாக்கைத் தூக்கிக்கொண்டு கொஞ்சம் நடந்தால் லீ ஏரிக்குள் இறங்கலாம், பெரிய பெண் கட்டாயம் கேட்பாள். அது ஆழமும் குளிரும் அதிகமான ஏரி. நீச்சல் தெரியாத குடும்பத்துக்கு வேண்டாம்.

ஆழம் இல்லை என்பதற்காக அலட்சியமும் வேண்டாம். மலைப்பனி உருகி வரும் தண்ணீர். திடீரென்று விழுந்தால் மூச்சு இழுத்துக்கொள்ளும். நீச்சல் தெரிந்தவருக்கே அந்த முதல் நிமிடம் கைகால் ஓடாது. 13 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் லைஃப் ஜாக்கெட் போட்டே ஆகவேண்டும் என்பது விதி. படகில் ஏறும் எல்லோரும் போடுவது என் விதி. தோளில் சும்மா மாட்டிக்கொண்டு போட்டோ எடுத்தால் போதாது, கொக்கியெல்லாம் பூட்டியிருக்க வேண்டும்.

காலை ஏழரைக்கு அங்கே இருங்கள். ஒன்பது மணிக்கு மேல் வண்டி நிறுத்த இடம் கிடைப்பது கஷ்டம், தண்ணீரும் காலையில்தான் அசையாமல் இருக்கும். மதியத்துக்குமேல் இடி மின்னல் ஜூலையில் சகஜம். எங்கோ தூரத்தில் உறுமல் கேட்டாலும் உடனே கரைக்கு வந்துவிடுங்கள்.

அம்மாவைக் கயாக்கில் ஏற்றாதீர்கள். அதில் ஏறக்குறைய தரையில் உட்கார்கிற மாதிரிதான். உட்கார்ந்துவிடலாம், எழுந்திருக்கத்தான் நாலு பேர் வேண்டும். கேனோ என்கிற திறந்த துடுப்புப் படகில் பெஞ்சு போலப் பலகை இருக்கும், கால் மடங்காது. மூஸ் என்கிற ஊரில் டார்னன்ஸ் கடையில் கயாக், கேனோ இரண்டும் வாடகைக்குக் கிடைக்கும். நடுவிலும் பலகை உள்ள கேனோவாகக் கேளுங்கள், நடுவில் அம்மா, முன்னும் பின்னும் நீங்களும் அக்காவும். மாமா கரையில் புளியோதரைக்குக் காவல் இருக்கட்டும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, சாப்பாட்டைத் தனியாக வைத்துவிட்டு அகலக்கூடாது என்பது அங்கே சட்டம். கரடி ஒருமுறை மனிதச் சோற்றின் ருசி கண்டுவிட்டால் மறுபடி மறுபடி வரும், கடைசியில் உயிர் போவது அதற்குத்தான்.

நடைக்கு ஜென்னி ஏரி. அக்கரைக்குப் படகு விடுகிறார்கள், பத்துப் பன்னிரண்டு நிமிடப் பயணம். இறங்கி அரை மைல் ஏறினால் ஹிட்டன் ஃபால்ஸ் அருவி. அதற்கு மேல் இன்ஸ்பிரேஷன் பாயிண்ட் போகிற பாதை கல்லும் வளைவுமாகச் செங்குத்தாக ஏறும். ஏற அம்மாவால் முடியலாம், இறங்கத்தான் முடியாது, நீங்களே சொல்லிவிட்டீர்கள். அருவியோடு அவருக்குப் போதும். அதுவும் கஷ்டம் என்றால், இக்கரையில் விசிட்டர் சென்டர் பக்கம் நன்றாகப் பாவிய பாதை ஏரி ஓரமாகவே போகிறது. மற்றவர்கள் இன்னொரு நாள் டாகர்ட் ஏரி போய் வரலாம். போக வர மூன்று மைல் சொச்சம்.

உங்கள் கயாக்கைப் பற்றி. லேக் பவலில் குவாகா என்கிற சிப்பி பரவியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத குஞ்சாக ஒட்டிக்கொண்டு வந்து ஒரு ஏரியையே கெடுத்துவிடும். அதனால் வெளி மாநிலப் படகு எதுவானாலும் வயோமிங் தண்ணீரில் இறக்குவதற்கு முன் சோதனை உண்டு, பூங்காவின் அனுமதிச் சீட்டு வேறு. அறுவர் காரில் அதையும் திணித்து, வரிசையில் நின்று... வாடகைக்கே எடுங்கள்.

ஈரோட்டு_அம்மாயி:

கண்ணு, என் மகன் பாய்சியில் இருக்கிறான். நானும் முழங்கால்காரிதான், அந்த அருவிக்குப் போயிருக்கிறேன். இரண்டு கைக்கும் ஊன்றுகோல் வாங்கிக் கொடுங்கள். ஒன்று போதும் என்று அம்மா சொல்வார், கேட்காதீர்கள். இறங்கும்போது இரண்டும் இருந்தால்தான் பாரம் காலை விட்டுக் கைக்குப் போகும்.

இன்னொன்று, இவர்கள் யாரும் சொல்லமாட்டார்கள். ஸ்ட்ரிங் ஏரிப் பக்கம் இருப்பது குழிக் கழிப்பறை, உள்ளே குழாய் கிடையாது. ஒரு பாட்டிலில் தண்ணீர் தனியாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அது கையில் இருந்தால் அம்மா தைரியமாகக் குடிப்பார். கொசுவும் கடிக்கும், முழுக்கைச் சட்டை நல்லது.

சோமனூர்க்காரன்:

மாமா, அம்மாயி, இருவருக்கும் ரொம்ப நன்றி. கயாக் வீட்டிலேயே இருக்கட்டும். இரண்டு சந்தேகம். கரடி ஸ்ப்ரே இங்கே சால்ட் லேக்கிலேயே வாங்கிவிடவா? அப்புறம், வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் ஏறிவிட்டது என்கிறார்களே?

உருளைக்கிழங்கு_மாமா:

காரில் வருவதால் எங்கே வாங்கினாலும் சரி. விமானத்தில்தான் விடமாட்டார்கள். வெயிலில் நிற்கும் காரில் மட்டும் போட்டு வைக்காதீர்கள். பைக்குள் வைத்தால் பிரயோஜனம் இல்லை, இடுப்பில் இருக்கட்டும். பிள்ளைகளிடம் தெளிவாகச் சொல்லுங்கள்: இது கொசு மருந்து போல உடம்பில் அடித்துக்கொள்வது அல்ல, பாய்ந்து வரும் கரடியை நோக்கி அடிக்கிற மிளகாய்க் காரம். கரடிக்கும் ஓநாய்க்கும் 100 கஜம், மூஸ் மான் உட்பட மற்றதற்கெல்லாம் 25 கஜம் தள்ளியே நிற்க வேண்டும். பேசிக்கொண்டே நடந்தால் கரடி தானே விலகிப்போகும். நம் குடும்பங்களுக்கு அதில் கஷ்டம் இருக்காது.

கட்டணம் உண்மைதான். 2026 ஜனவரி 1 முதல் 11 பூங்காக்களில் 16 வயதும் அதற்கு மேலும் ஆன வெளிநாட்டவர் தலைக்கு 100 டாலர் கூடுதல், டீட்டனும் அதில் உண்டு. அம்மா, அக்கா, மாமா மூவருக்கே 300 ஆகிறது. வெளிநாட்டவருக்கான வருட பாஸ் 250 டாலர். வாங்குமுன் உங்கள் காருக்கு எது பொருந்தும் என்று பூங்காவின் தளத்தில் பார்த்துவிடுங்கள்.

வரும்போது ஆஃப்டன் என்கிற ஊர் வழியாக வாருங்கள். டீட்டன் கணவாய் வழி 8,431 அடி ஏறி இறங்கும், பின் சீட்டில் இருப்பவர்களுக்கு வாந்தி வரும்.

ஈரோட்டு_அம்மாயி:

கேனோவில் புடவை வேண்டாம் கண்ணு, சுடிதார் போடச் சொல்லுங்கள். ஏறும்போது எப்படியும் கால் நனையும். மாற்றுத்துணி காரில் இருக்கட்டும்.