கலைச்சொல் வேண்டும்: அமைதியைக் காப்பதா, ஆக்குவதா, திணிப்பதா?

அன்புள்ள குழுவினருக்கு,

பன்னாட்டு உறவுகள் பற்றிய பாடநூல் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஐ.நா.வின் பீஸ்கீப்பிங் ஆபரேஷன் பற்றிய இயலில் மாட்டிக்கொண்டேன். நாளிதழ்கள் 'அமைதிப்படை' என்றோ 'அமைதி காக்கும் படை' என்றோ எழுதிவிட்டுப் போய்விடுகின்றன. செய்திக்கு அது போதும். ஆனால் 1992இல் அன்றைய பொதுச்செயலாளர் புத்ரோஸ் காலி அமைதிக்கான செயல்திட்டம் ஒன்றை அறிக்கையாக வைத்ததிலிருந்து பீஸ்மேக்கிங் (பேசி உடன்பாடு காண்பது), பீஸ்கீப்பிங் (அந்த உடன்பாட்டுக்குக் காவல் நிற்பது), பீஸ்பில்டிங் (போர் மீண்டும் மூளாதபடி நாட்டைச் சீராக்குவது) எல்லாம் தனித்தனிப் பொருளில் வழங்குகின்றன. கூடவே பீஸ் என்ஃபோர்ஸ்மென்ட் (படைபலத்தால் அமைதியைக் கொண்டுவருவது) வேறு. நான்கும் ஒரே பத்தியில் வருகின்றன. என்னிடம் இருக்கும் பழைய மொழிபெயர்ப்பில் நான்கிற்கும் 'அமைதியை நிலைநாட்டல்' என்றே இருக்கிறது. அமைதியை நிலைநாட்டலுக்கும் அமைதியை நிலைநாட்டலுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக என்று வினாத்தாளில் வந்தால் பிள்ளைகள் என்ன எழுதுவார்கள்?

நான்கு சொல் வேண்டும். சண்டை வேண்டாம்.

— கோ.

*

கோ. அம்மா,

முதலில் 'அமைதிப்படை'யைத் தள்ளிவிடுங்கள். அதை எப்படி விரிப்பது? அமைதியைக் காக்கும் படை என்றால் இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. அமைதிக்கான படை என்றால் நான்காம் வேற்றுமை. அமைதியான படை என்றால் பண்புத்தொகை, அதாவது சத்தம் போடாமல் போகிற படை. ஒரு கலைச்சொல்லுக்கு மூன்று விரிவு ஆகாது.

இனி 'அமைதி'. 'அமை' என்ற வினையடியிலிருந்து வந்தது. பொருந்துதல், அடங்குதல், உடன்படுதல் எல்லாம் அதில் உண்டு. உரையாசிரியர்களிடம் போனால் 'வழுவமைதி' கிடைக்கும். பிழைதான், ஆனாலும் ஒரு காரணம் பற்றி ஏற்றுக்கொள்கிறோம் என்று பொருள். போர்நிறுத்தக் கோட்டின் இரண்டு பக்கமும் துப்பாக்கியோடு ஆள் நிற்கும்போது நடுவில் இருப்பது வழுவமைதிதானே? ஆகவே பீஸ்கீப்பிங் என்பதை 'வழுவமைதி காத்தல்' எனலாம்.

பீஸ்மேக்கிங்கிற்குப் புதுச்சொல்லே தேவையில்லை. சோழர்களான நலங்கிள்ளிக்கும் நெடுங்கிள்ளிக்கும் இடையில் புலவர் கோவூர் கிழார் போய்ச் 'சந்து செய்தார்', அதாவது சமரசம் செய்தார் என்றுதான் படித்திருக்கிறோம். அதையே போடுங்கள்.

— தி.

*

தி. ஐயா, 'சந்து' வடமொழிச் 'சந்தி'யின் தேய்வு. அதோடு இன்றைய மாணவர் சந்து என்றால் முட்டுச்சந்தைத்தான் நினைப்பார்.

— செ.

*

செ., பல பேச்சுவார்த்தைகள் அங்கேதான் போய் நிற்கின்றன. பொருள் கெடவில்லை.

— தி.

*

எல்லோருக்கும் வணக்கம்.

நான் இலங்கையிலிருந்து எழுதுகிறேன். ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விடமுடியாது. 1987 ஜூலை ஒப்பந்தத்தோடு எங்கள் வடக்கு கிழக்கில் வந்திறங்கிய இந்திய இராணுவத்தின் பெயரே 'இந்திய அமைதி காக்கும் படை'. அது ஐ.நா. அனுப்பிய படை இல்லை. இரண்டு அரசுகள் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் கீழ் வந்தது. அந்த வருடம் ஒக்டோபரிலேயே புலிகளோடு முழுப்போர் தொடங்கிவிட்டது. 1990 மார்ச்சில்தான் படை முழுதாக வெளியேறியது. ஆகவே அந்தச் சொல்லைக் கேட்டதும் எங்கட ஆட்களுக்கு சைப்ரசும் கொங்கோவும் நினைவுக்கு வராது. உங்களுக்கு அது கலைச்சொல். எங்களுக்கு அது ஒரு படையின் பெயர், அந்தப் பெயரோடு வந்தவை நிறைய.

நாங்கள் 'சமாதானம்' என்றும் 'பேணல்' என்றும் சரளமாகப் பாவிக்கிறோம். 'சமாதானம் பேணல்' என்று வையுங்கோ அக்கா. காப்பதற்கு ஆயுதம் வேண்டும் என்று தோன்றும். பேணுவதற்குப் பொறுமை போதும்.

— பி.

*

பி., உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் 'சமாதானம்' தனி வடசொல். 'சந்து'வைத் தள்ளிவிட்டு இதை எப்படி ஏற்பது? 'பேணல்' நல்ல தமிழ். ஆனால் 'உடல்நலம் பேணல்' மாதிரி இருக்கிறது. கவச வண்டியில் போகிறவர்களுக்குப் பொருந்துமா?

— செ.

*

நண்பர்களுக்கு,

இந்தத் துறையைச் சில காலம் கற்பித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். வேர்ச்சொல்லுக்குப் போகும் முன் பொருளைப் பார்த்துவிடுவோம்.

ஐ.நா. சாசனத்தில் பீஸ்கீப்பிங் என்ற சொல்லே கிடையாது. ஆறாம் அதிகாரம் பேச்சுவார்த்தை, சமரசம், நடுவர் தீர்ப்பு போன்ற வழிகளைச் சொல்கிறது. ஏழாம் அதிகாரம் தடைகளையும் படைபலத்தையும் சொல்கிறது. இரண்டுக்கும் நடுவில் பிறந்த இதைத்தான் பொதுச்செயலாளர் ஹாமர்ஷால்ட் காலத்திலிருந்து வேடிக்கையாக 'ஆறரையாம் அதிகாரம்' என்கிறார்கள். 1948இல் மேற்காசியாவுக்கும் 1949இல் காஷ்மீருக்கும் போனவர்கள் ஆயுதமில்லாத பார்வையாளர்கள். 1956இல் சூயஸ் நெருக்கடி: இஸ்ரேலும் பிரிட்டனும் பிரான்சும் எகிப்தைத் தாக்கின. பிரிட்டனும் பிரான்சும் பாதுகாப்பு அவையில் வீட்டோ போட்டதால் விஷயம் பொதுச்சபைக்குப் போனது. கனடாவின் வெளியுறவு அமைச்சர் லெஸ்டர் பியர்சன் சொன்ன யோசனையின் பேரில் முதன்முதலாக ஆயுதம் தாங்கிய படை ஒன்று நடுவில் போய் நின்றது. தூரத்திலிருந்து பார்த்தாலும் இவர்கள் யார் என்று தெரியவேண்டும் என்பதற்காக அமெரிக்கத் தலைக்கவசங்களின் உள்ளோடுகளை எடுத்து நீலச்சாயம் அடித்துக் கொடுத்தார்கள். நீலத் தலைக்கவசம் வந்த கதை அதுதான்.

அதிலிருந்து மூன்று விதிகள் நிலைத்தன. சம்பந்தப்பட்ட தரப்புகளின் சம்மதம் வேண்டும். ஒரு பக்கம் சாயக்கூடாது. தற்காப்புக்கும் ஒப்படைத்த பணியைக் காப்பதற்கும் தவிர ஆயுதத்தைத் தொடக்கூடாது. இதில் சம்மதம்தான் உயிர். 1967இல் எகிப்து சம்மதத்தைத் திரும்பப் பெற்றது. அன்றைய பொதுச்செயலாளர் ஊ தாண்ட் 1956இல் போன அந்தப் படையை விலக்கினார். சில வாரங்களில் இஸ்ரேலுக்கும் அரபு நாடுகளுக்கும் ஆறு நாள் போர். படையை எடுத்திருக்கக் கூடாது என்று இன்றும் அவரைக் குறை சொல்பவர்கள் உண்டு. சம்மதம் போனபின் அங்கே நின்றிருந்தால் அதன் பெயர் வேறு என்பது என் கட்சி.

'நிலைநாட்டல்' ஏன் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். நிலைநாட்டுபவர் யாரையும் கேட்பதில்லை. இவர்களோ வேறு யாரோ செய்துவைத்த அமைதிக்குக் காவல் நிற்கிறார்கள். சைப்ரஸில் 1964 முதல் நிற்கிறார்கள். கிரேக்க, துருக்கித் தரப்புகளுக்கு இடைப்பட்ட பகுதியின் நீளம் சுமார் 180 கிலோமீட்டர். தலைநகர் நிக்கோசியாவின் பழைய நகருக்குள் சில இடங்களில் அகலம் சில மீட்டர்தான். அங்கே ஒரு தரப்பு தன் காவல்நிலையில் புதிதாக மணல்மூட்டை அடுக்கினால்கூட அது இருந்த நிலையை மாற்றுவதாகும். நீலத் தொப்பிக்காரர் போய்ப் பார்த்து, குறித்துக்கொண்டு, எடுத்துவிடுங்கள் என்று பேச வேண்டும். வேலையில் பெரும்பகுதி இந்தப் பேச்சுதான்.

பி. சொன்னதும் சம்மதத்தைத் தொட்டுத்தான் நிற்கிறது. 1987 ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவை இரண்டு அரசுகள். ஆயுதம் வைத்திருந்த மற்றத் தரப்பு அதில் கையெழுத்திடவில்லை. யாருடைய சம்மதம் என்ற கேள்வி அங்கே தொடங்குகிறது. அதைச் சொல் தீர்க்காது.

என் முன்மொழிவு: 'அமைதிகாப்பு'. பாதுகாப்பு அவை என்று ஏற்கெனவே சொல்கிறோம், காதுக்குப் பழகியது. செய்பவர் அமைதிகாப்பாளர். 'ஆபரேஷன்' என்பதற்கு 'நடவடிக்கை' வேண்டாம். 'நடவடிக்கை எடுப்போம்' என்றாலே யாரையோ பிடிக்கப்போவது மாதிரி இருக்கிறது. அமைதிகாப்புப் பணி என்றால் போதும்.

— நா.

*

நா. ஐயா எழுதியது கண்திறப்பு. இருந்தாலும் 'கா' என்ற வினைக்கு இன்னொரு பொருள் உண்டு: காத்திருத்தல். 1964 முதல் சைப்ரஸில் நடப்பது எது? இரண்டும் ஒரே அடிச்சொல்லில் கிடைப்பது தமிழின் பாக்கியம். ஆனால் 'காப்பு' என்று பெயராக்கினால் வளையலும் காப்பு, நூலின் முதலில் பாடும் கடவுள் வாழ்த்தும் காப்பு. 'காத்தல்' என்றே விடுங்கள்.

படை அனுப்பும் நாடுகளுக்குச் சொல் யோசித்தீர்களா? 'படையளிக்கும் நாடு' என்று எங்கோ பார்த்தேன். தொல்காப்பியர் இரப்புச் சொல்லை மூன்றாகப் பிரிக்கிறார்: தாழ்ந்தோன் உயர்ந்தோனிடம் கேட்டால் 'ஈ', ஒத்தோனிடம் கேட்டால் 'தா', உயர்ந்தோன் தாழ்ந்தோனிடம் கேட்டால் 'கொடு'. ஐ.நா. எப்படிக் கேட்கிறது என்று தெரிந்தால்தான் சொல் அமையும்.

— தி.

*

தி. ஐயா, விளையாட்டாகக் கேட்டாலும் அது நல்ல கேள்வி. சாசனத்தின் 43ஆம் உறுப்பின்படி உறுப்பு நாடுகள் முன்கூட்டியே ஒப்பந்தம் செய்து படைகளை ஐ.நா.வின் அழைப்புக்குத் தயாராக வைத்திருக்க வேண்டும். அப்படி ஓர் ஒப்பந்தமும் இன்றுவரை ஏற்படவில்லை. ஐ.நா.வுக்குச் சொந்தப் படை இல்லை. ஒவ்வொரு தடவையும் நாடு நாடாகப் போய்க் கேட்கிறது. பேர் என்னவோ 'தா', நடப்பில் 'ஈ'.

படை தருபவை பெரும்பாலும் பங்களாதேஷ், நேபாளம், இந்தியா, ருவாண்டா, பாகிஸ்தான் போன்ற நாடுகள். பணத்தில் பெரும்பங்கு அமெரிக்கா, சீனா, ஜப்பான், ஐரோப்பிய நாடுகளிடமிருந்து வரவேண்டும். பாதுகாப்பு அவையின் நிரந்தர உறுப்பினர் ஐவருக்கும் சிறப்புப் பொறுப்பு உண்டு என்று அவர்களுடைய பங்கைச் சற்றுக் கூட்டியே கணக்கிடுகிறார்கள். ஒரு சிப்பாய்க்கு மாதம் இவ்வளவு என்று அனுப்பும் நாட்டுக்கு ஐ.நா. ஈடுசெய்கிறது, 2018இல் அந்தத் தொகை 1,428 டாலர். சிப்பாய்க்கு நேராகப் போவதில்லை, அவர் அரசுக்குப் போகிறது. பணம் தரவேண்டியவர்கள் நிலுவை வைத்தால் படை தந்தவர்கள் காத்திருக்கிறார்கள். (உங்கள் 'காத்திருத்தல்' இங்கேயும்.) 1960களின் கொங்கோ பணிக்குப் பணம் கட்டமாட்டோம் என்று சோவியத் ஒன்றியமும் பிரான்சும் நின்றன. அதெல்லாம் ஐ.நா.வின் செலவே என்று 1962இல் சர்வதேச நீதிமன்றம் கருத்துரை சொன்ன பிறகும் அந்தத் தகராறு ஓயவில்லை. ஆகவே 'படை தரும் நாடு', 'நிதி தரும் நாடு' என்று ஒரே வினையில் வைத்தால் இரண்டும் எதிரெதிராக நிற்பது மாணவருக்குத் தெரியும்.

— நா.

*

அன்பர்களே, இன்று புதன். தொல்காப்பியர் எனக்கு அவகாசம் வாங்கித் தரமாட்டார். 'படை தரும் நாடு' எடுத்துக்கொண்டேன், நன்றி. என்ஃபோர்ஸ்மென்ட் இன்னும் நிற்கிறது. 'அமைதி அமலாக்கம்' என்று எழுதட்டுமா?

— கோ.

*

அம்மா, 'அமல்' அரபு. 'வலிந்தமைத்தல்' என்று வைக்கலாம். வலிந்து அமைத்தல்: வற்புறுத்தலும் உண்டு, அமைதியின் அடிச்சொல்லும் உண்டு.

— செ.

*

செ. அண்ணா, 'வலிந்தமைத்தல்' தச்சுவேலை மாதிரி இருக்கிறது. நேரே 'அமைதித் திணிப்பு' என்றால் என்ன? சம்மதம் இல்லாமல் கொடுப்பது திணிப்புத்தானே. நா. ஐயா சொன்ன அளவுகோலும் அதுதான்.

— பி.

*

பி., பொருள் சரி. ஆனால் அதில் தீர்ப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஏழாம் அதிகாரத்தின் கீழ் பாதுகாப்பு அவை ஒரு முடிவெடுத்தால் அது சட்டப்படியான செயல். நல்லதா கெட்டதா என்பதை மாணவர் வகுப்பில் வாதாடட்டும். 1994இல் ருவாண்டாவில் இனப்படுகொலை நடந்தபோது வலிந்து தலையிடாமல் பார்த்துக்கொண்டிருந்ததும் உலகம்தான் என்பதை மறக்க வேண்டாம்.

இன்னொன்று. காகிதத்தில் நான்காகப் பிரிப்பது களத்தில் பிரிந்து நிற்பதில்லை. 2013இல் 2098ஆம் தீர்மானத்தின்படி கொங்கோவில் இருந்த அமைதிகாப்புப் பணிக்குள்ளேயே தாக்கும் படையணி ஒன்றைச் சேர்த்தார்கள். தான்சானியா, தென்னாப்பிரிக்கா, மலாவி நாடுகளின் வீரர்கள். ஆயுதக் குழுக்களைத் தேடிப்போய் முறியடிப்பது அவர்கள் வேலை. தலையில் அதே நீலக் கவசம். இதற்கு எந்தச் சொல்லைப் போடுவீர்கள்? அமலாக்கத்துறையை எல்லோருக்கும் தெரியும். 'அமைதி அமலாக்கம்' இருக்கட்டும்.

— நா.

*

நான் பெரும்பாலும் வாசிப்பதோடு சரி. ஒரு சின்ன விஷயம். பீஸ்மேக்கிங் என்பதற்கு 'அமைதியாக்கம்' என்று யாரும் எழுதிவிடாதீர்கள். 'வகுப்பை அமைதியாக்கினார்' என்றால் வாயை மூடவைத்தார் என்று பொருள். 'அமைதி உருவாக்கம்' பரவாயில்லை.

— யா.

*

நண்பர்களுக்கு நன்றி. இரவு அமர்ந்து முடித்துவிட்டேன். அச்சுக்குப் போவது: அமைதி உருவாக்கம், அமைதிகாப்பு, அமைதி அமலாக்கம். பீஸ்பில்டிங்கைப் பற்றி யாரும் சண்டை போடாததால் 'அமைதியைக் கட்டியெழுப்பல்' என்றே விட்டேன். ஆபரேஷனுக்குப் பணி. மேண்டேட்டுக்குத் தற்காலிகமாகப் 'பணியாணை'. சந்து செய்தலைக் கோவூர் கிழாரோடு ஒரு பெட்டிச் செய்தியில் வைத்திருக்கிறேன், தி. ஐயா கோபிக்க வேண்டாம்.

— கோ.

*

கோபம் இல்லை. ஆனால் ஒற்று? அமைதியைக் காப்பது என்றால் இரண்டாம் வேற்றுமைத் தொகை, வல்லினம் மிகாது: 'அமைதிகாப்பு'. அமைதிக்குக் காப்பு என்று விரித்தால் நான்காவது, மிகும்: 'அமைதிக்காப்பு'. எந்தப் பொருளில் போட்டிருக்கிறீர்கள் என்று முன்னுரையில் எழுதிவிடுங்கள்.

— தி.

*

'அமலாக்கம்' என்பதற்கு என் மறுப்பைப் பதிவு செய்கிறேன்.

— செ.

*

அக்கா, 'அமைதிகாப்பு' எனக்குச் சம்மதம் என்று சொல்லமாட்டேன். ஆனாலும் 'படை' என்ற சொல் போனதே பெரிய விஷயம். 1987 படையைக் குறிப்பிடும் இடத்தில் மட்டும் அதன் பெயரை மேற்கோள்குறிக்குள் முழுசாகப் போட்டு, அது ஐ.நா. பணி இல்லை என்று அடிக்குறிப்பு எழுதுங்கோ. அந்த ஒரு வரியை விட்டுவிட்டு எங்கட பிள்ளைகளிடம் இந்தப் புத்தகத்தைக் கொடுக்க முடியாது.

— பி.