ஃபங்ஷனுக்குள் போனதும் காணாமல் போன கனெக்‌ஷன்

2020-ல் நடந்தது. எட்டு வருடம் கழித்து அந்த வருடம்தான் ஜூன் 12 அன்றே மேட்டூரைத் திறந்தார்கள், மன்னார்குடிப் பக்கம் குறுவை நன்றாக விளைந்திருந்தது. நான் கணக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்திருந்த ரைஸ் மில்லில் வாசலைத் தாண்டி ரோடு வரை நெல் வண்டிகள் நின்றன. அந்த நேரம் பார்த்து சர்வரை வாடகைக்குத் தரும் ஹோஸ்டிங்காரர்கள், அந்த சாஃப்ட்வேரை எழுதிய பிஎச்பி மொழியை 5-லிருந்து 7-க்கு மாற்றிவிட்டார்கள். எடைச் சீட்டு வரவில்லை என்று மில்லிலிருந்து போன்.

கணக்கைச் சேமித்து வைக்கும் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸோடு பேசுகிற பழைய ஃபங்ஷன்களை பிஎச்பி 7-ல் அடியோடு எடுத்துவிட்டார்கள் என்பது தெரியும். அதனால் எல்லா இடத்திலும் மைஎஸ்க்யூஎல்ஐ என்ற புது வகைக்கு மாற்றி, அது கேட்கிறபடி டேட்டாபேஸோடு உள்ள தொடர்பை வைத்திருக்கும் கனெக்‌ஷன் வேரியபிளையும் முதலில் சேர்த்தேன். பக்கத்தின் மேலே எழுதிய க்வெரி (டேட்டாபேஸுக்கு அனுப்பும் கட்டளை) ஓடுகிறது, ஃபங்ஷனுக்குள் இருக்கிற க்வெரிக்கு மட்டும் கனெக்‌ஷன் ‘நல்’, அதாவது காலி, என்று எர்ரர். பாஸ்வேர்டை மாற்றிப் பார்த்தேன், ஹோஸ்டிங்காரர்களோடு சண்டை போட்டேன். ராத்திரி பதினொரு மணிக்குத்தான் உறைத்தது: பிஎச்பியில் வெளியே வைத்த வேரியபிள் ஃபங்ஷனுக்குள் தெரியாது. ஜாவாஸ்கிரிப்டிலும் பைத்தானிலும் உள்ளிருந்து வாசிக்கலாம், இங்கே முடியாது. அப்படியென்றால் இத்தனை வருடம் எப்படி ஓடியது? பழைய ஃபங்ஷனிடம் கனெக்‌ஷனைக் கொடுக்காவிட்டால், கடைசியாகத் திறந்ததைத் தானே எடுத்துக்கொள்ளும். அதனால் எனக்கு இந்தப் பிரச்சினை கண்ணிலேயே படவில்லை.

அப்புறம் அவசரத்தில் நான் செய்ததுதான் பெரிய தப்பு. ஒவ்வொரு ஃபங்ஷனுக்குள்ளும் புதிதாக ஒரு கனெக்‌ஷனைத் திறந்துவிட்டேன். எர்ரர் போய்விட்டது, சீட்டும் வந்தது, தூங்கப் போனேன். மூன்றாம் நாள் கணக்குப்பிள்ளை கூப்பிட்டார்: “தம்பி, ஏடிடி 43 நெல் மூட்டை எல்லாம் பூஜ்யம் நம்பர் சீட்டுல நிக்குதுப்பா.” ஒரு ஃபங்ஷன் சீட்டைச் சேர்க்கிறது, அடுத்த ஃபங்ஷன் அந்தச் சீட்டின் எண்ணைக் கேட்கிறது. கடைசியாகச் சேர்த்த வரிசையின் எண்ணை மைஎஸ்க்யூஎல் அந்தந்த கனெக்‌ஷனுக்குத்தான் சொல்லும், புது கனெக்‌ஷன் எதையும் சேர்க்கவில்லை, அதனால் 0 வந்திருக்கிறது. ரோல்பேக்கும் இதே கதைதான், ஒரு கனெக்‌ஷனில் ரத்து செய்தால் இன்னொன்றில் எழுதியது அப்படியே நிற்கும். தயவுசெய்து யாரும் இந்த வழிக்குப் போகாதீர்கள்.

வெளியே இருக்கிற வேரியபிள் உள்ளே தெரிய, குளோபல் என்று ஃபங்ஷனுக்குள் ஒரு வரி போட்டாலும் ஓடும்தான். ஆனால் இன்க்ளூட் செய்த வேறொரு ஃபைல் அதே பெயரில் எதையாவது வைத்தால் கனெக்‌ஷன் போயிற்று, அதைத் தேடிக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. அதனால் பக்கத்தின் தொடக்கத்தில் ஒரே தடவை திறந்து, வேண்டிய ஃபங்ஷனுக்கெல்லாம் பாராமீட்டராக, அதாவது கூப்பிடும்போதே கையில், கொடுத்தேன். நாற்பது ஃபங்ஷன் இருக்கும், ஒரே பகலில் முடிந்துவிட்டது. பூஜ்யத்தில் கிடந்த மூட்டைகளை உரிய சீட்டில் சேர்க்கத்தான் இரண்டு நாள் ஆனது, கணக்குப்பிள்ளை கம்பியில் குத்தி வைத்திருந்த காகிதச் சீட்டுகளை ஒவ்வொன்றாக வாசிக்க வாசிக்க நான் திருத்தினேன்.