புதுப்பிப்பு: ஜெபல் ஷம்ஸ் பால்கனி நடை, உயரத்துக்குப் பயப்படும் அப்பாவுடன்

ஓமானில் ஜெபல் ஷம்ஸ் மலையில், பள்ளத்தாக்கு விளிம்பை ஒட்டிப் போகும் ‘பால்கனி நடை’ பாதையில் நடக்க, உயரம் என்றாலே மிரளும் அப்பாவைக் கூட்டிப் போகலாமா என்று கேட்டிருந்தேன். போய் வந்தாச்சு. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, உள்ளூர் வழிகாட்டி ஒருவரை வைத்துக்கொள்ளச் சொன்ன யோசனைதான். வழி தவறும் என்பதற்காக இல்லை. நடை தொடங்கும் அல் கித்தைம் கிராமத்திலிருந்தே, வழி காட்ட பாறைகளில் மஞ்சள், வெள்ளை, சிவப்புப் பட்டை அடித்திருக்கிறார்கள். வழிகாட்டி, அப்பாவைப் பாறைச் சுவர்ப் பக்கம் விட்டு, தான் பள்ளத்துப் பக்கமாகப் பேச்சுக் கொடுத்தபடியே நடந்தார். பாதை பெரும்பாலும் அகலம்தான், ஆனால் கீழே சுமார் 1000 மீட்டர் ஆழம். அப்பா எட்டிப் பார்த்ததே ரொம்ப நேரம் கழித்துத்தான், அதுவும் உட்கார்ந்துகொண்டு!

ஒரு வழி சுமார் 4 கிலோமீட்டர். முடிவில் ஆளில்லாத அஸ் ஸாப் கிராமம், பாறைக் குடைவுக்கு அடியில் கல் வீடுகள். திரும்பும்போது கொஞ்சம் ஏற்றம்.

எதிர்பாராதது ஆடுகள். ஆரஞ்சு உரிப்பதற்குள் பைக்குள்ளேயே மூக்கை விட்டுவிட்டன. அப்புறம் குளிர்: இடம் கிட்டத்தட்ட 2000 மீட்டர் உயரம், மஸ்கட்டில் போடும் சட்டை போதாது. டிசம்பர், ஜனவரியில் போகிறவர்கள் ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். நடைபாதையில் கடை கிடையாது, தண்ணீரும் கையோடு.