கனிவாக வரும் பாகுபாட்டை எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?

வணக்கம், ஒரு உதவி வேண்டும். அலுவலகத்தில் கூட்டம் தொடங்கினால் குறிப்பெடுக்கும் நோட்டு தானாக என் பக்கம் நகர்ந்து வரும். "உங்கள் கையெழுத்துதான் அழகு" என்பார்கள். வெளியூர் வேலை வந்தால் "பெண்பிள்ளை, உங்களுக்கு ஏன் சிரமம்" என்று வேறொருவருக்குப் போய்விடும். அப்புறம் பதவி உயர்வும் அவருக்கே. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. அதனால்தான் வாய் திறக்கவே தயக்கமாக இருக்கிறது.

உளவியலாளர்கள் பீட்டர் கிளிக், சூசன் ஃபிஸ்க் இருவரும் 1996-இல் பாலினப் பாகுபாட்டை வெறுப்பாக வருவது, கனிவாக வருவது என்று பிரித்துக் காட்டினார்கள். எனக்கு நடப்பது இரண்டாவது வகை.

அடுத்த வாரம் மேலாளரிடம் பேசப் போகிறேன். இப்படிப் பேசியவர்கள் எங்கிருந்து ஆரம்பித்தீர்கள்? ஆண்களும் சொல்லுங்கள், எப்படிச் சொன்னால் உங்களுக்குக் குற்றச்சாட்டாகத் தோன்றாது?