ஊசியை நிறுத்தச் சொன்னாரா, கேள்விதான் கேட்டாரா?

தேரிக்காட்டான்:
எஸ்றா77 நேற்று இங்கே எழுதியது இது: "விசுவாசத்தை விட்டுப்போனவன் எவனும் முதலில் விசுவாசித்ததே கிடையாது. பாவத்தை விட மனமில்லாதவன்தான் போவான்." அதற்கு ஆதாரமாக 1 யோவான் 2:19 வேறு: "அவர்கள் நம்மைவிட்டுப் பிரிந்துபோனார்கள், ஆகிலும் அவர்கள் நம்முடையவர்களாயிருக்கவில்லை." படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. நான் ஏன் விட்டேன் என்று சொல்லிவிடுகிறேன்.

அம்மாவுக்கு 12 வருடமாகச் சர்க்கரை. கடைசி 4 வருடம் காலையும் இரவும் இன்சுலின். வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது. மருந்துப் பாட்டிலைப் பிளாஸ்டிக் கவரில் கட்டி மண்பானைத் தண்ணீரில் போட்டு வைத்திருப்பாள். ஊசி போட்டதும் தினசரி காலண்டர் தாளின் மூலையில் பென்சிலால் "ஊ" என்று எழுதுவாள். மறந்து இரண்டு தடவை போட்டுவிடக் கூடாதே என்ற பயம்.

2011 ஆகஸ்டில் காலில் புண் வந்தது. உபவாசக் கூட்டத்தில் எங்கள் பாஸ்டர் 2 நாளாகமம் 16:12ஐ எடுத்தார். ஆசா ராஜாவுக்கும் காலில்தான் வியாதி. அவன் கர்த்தரைத் தேடாமல் "பரிகாரிகளையே தேடினான்", அதாவது வைத்தியர்களை, செத்தான். வாசித்துவிட்டு அம்மாவைப் பெயர் சொல்லி எழுப்பினார். "ஊசியை நம்புகிறாயா, கர்த்தரை நம்புகிறாயா?" என்று கேட்டார். அம்மா "கர்த்தரை" என்றாள். 200 பேர் அல்லேலூயா சொன்னார்கள். நானும் சொன்னேன்.

மறுநாள் தாளில் "ஊ" இல்லை. "ஸ்தோத்திரம்" என்று இருந்தது. அப்படியே 9 தாள்கள். பத்தாம் நாள் மூச்சு வாங்கியது, வாயில் அழுகின பழ வாடை. ஆஸ்பத்திரியில் டாக்டர் அந்த வாடையை வைத்தே, "எத்தனை நாளாக ஊசி போடவில்லை?" என்று கேட்டார். விடிவதற்குள் போய்விட்டாள்.

அடக்க ஆராதனையில் அதே பாஸ்டர் சொன்னார்: "கடைசி நேரத்தில் பிள்ளைகள் விசுவாசத்தில் தளர்ந்துவிட்டார்கள்." அப்புறமும் 2 வருடம் நான் ஜெபித்தேன். ஆதியாகமத்திலிருந்து திரும்ப வாசித்தேன். ஒருநாள் முழங்கால் போட்டேன், சொல்ல ஒரு வார்த்தையும் வரவில்லை. அன்றோடு சரி. இதில் என்ன பாவத்தை விட மனமில்லாமல் போனேன் என்று எஸ்றா77 சொல்லட்டும்.

எஸ்றா77:
தம்பி, அம்மாவின் மறைவுக்கு வருந்துகிறேன். ஆனால் நீங்களே எழுதியதை நீங்களே ஒருமுறை வாசியுங்கள். போதகர் கேட்டது கேள்வி. "ஊசியை நிறுத்து" என்ற வார்த்தை எங்கே இருக்கிறது? 31 வருடமாக ஊழியத்தில் இருக்கிறேன், மருந்தை நிறுத்து என்று சொன்ன போதகர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. கேள்வி கேட்பது கட்டளை ஆகுமா?

மார்த்தாள்:
நான் 22 வருடமாக நர்ஸ். விசுவாசிதான், இன்றைக்கும் ஜெபித்துவிட்டுத்தான் டியூட்டிக்குப் போகிறேன். ஆசாவைப் பிரசங்கிக்கிறவர்கள் ஏசாயா 38ஐ ஏன் தொடுவதே இல்லை? எசேக்கியா ராஜாவுக்கு வந்த பிளவைக் கட்டிக்கு அத்திப்பழத்து அடையைப் பற்றுப்போடச் சொன்னது தீர்க்கதரிசிதானே. பவுலோடு கூடப் போன லூக்கா யார்? வைத்தியன். நெய்யூரில் 1838இல் மிஷன் வைத்தியம் ஆரம்பித்தது எதற்கு? 1900இல் மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடர் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு ஆரம்பித்தது எதற்கு? 1921இல் டொராண்டோவில் இன்சுலினைக் கண்டுபிடிக்கும் முன்னால், இந்தப் பழ வாடை வந்த குழந்தைகளைப் பெற்றோர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க மட்டும்தான் முடிந்தது. தம்பி, உங்கள் அம்மாவைக் கொன்றது கர்த்தர் இல்லை.

எஸ்றா77:
சிஸ்டர், எசேக்கியாவை எனக்குப் பாடம் நடத்த வேண்டாம். நீங்கள் பிறப்பதற்கு முன்பே வேதாகமக் கல்லூரியில் வாசித்தவன் நான். யாக்கோபு 5:15 என்ன சொல்கிறது? "விசுவாசமுள்ள ஜெபம் பிணியாளியை இரட்சிக்கும்." அதை அழித்துவிடவா? நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. கேள்வியா, கட்டளையா?

நாசரேத்துக்காரன்:
தெருவுக்கு ஒரு தகர ஷெட், அதற்கு ஒரு பாஸ்டர், அவருக்கு மேலே கேட்க ஆள் கிடையாது. அதனால் வருகிற வினை இது. எங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் போதகர் ஐயர் இப்படிப் பேசியிருந்தால் மறுநாளே மேலே பிஷப்பின் திருமண்டலத்துக்கு மனு போயிருக்கும்.

எஸ்றா77:
வந்துவிட்டார் அண்ணாச்சி! திருமண்டலத் தேர்தல் வந்தால் கோர்ட் வாசலில் நிற்கிறவர்கள் எங்களுக்குப் புத்தி சொல்கிறார்கள். போன வருடம் ஞானஸ்நான விவாதத்தில், குழந்தைக்குத் தண்ணீர் தெளிப்பதற்கு வசனம் கேட்டேன். இன்றுவரை பதில் இல்லை. அதைக் கொடுத்துவிட்டு இங்கே பேசுங்கள்.

நாசரேத்துக்காரன்:
அப்போஸ்தலர் 16:33. சிறைச்சாலைக்காரனும் அவனுடையவர்கள் அனைவரும் ஞானஸ்நானம் பெற்றார்கள். அன்றைக்கே கொடுத்தேன். நீங்கள்தான் வாசிக்கவில்லை.

எஸ்றா77:
"அவனுடையவர்கள்" என்றால் கைக்குழந்தையா? அந்த வீட்டுத் தொட்டிலை நீங்கள் பார்த்தீர்களா?

ஈரோட்டான்:
தொட்டிலுக்குச் சண்டை போடுங்கள். ஒரு அம்மா செத்துப்போனது யாருக்கும் பெரிதில்லை. தேரிக்காட்டான் தோழர், நல்ல முடிவு எடுத்தீர்கள். எல்லா மதமும் இதுதான். முட்டாள்தனத்திலிருந்து வெளியே வந்தவரை வரவேற்கிறோம்.

தேரிக்காட்டான்:
தோழர், என் அம்மா முட்டாள் இல்லை. ஐந்தாவது வரை படித்தவள், சங்கீதம் பாதிக்கு மேல் மனப்பாடம். உங்கள் வரவேற்பு எனக்கு வேண்டாம். நம்பிக்கைதான் போனது. காலை 4 மணிக்கு முழிப்பு வருவது இன்னும் போகவில்லை, அவள் பாடின கீர்த்தனையும் போகவில்லை. மார்த்தாள் அக்கா, கர்த்தர் கொல்லவில்லை என்கிறீர்கள். 9 நாள் அவள் அவரைத்தான் கூப்பிட்டாள், வேறு யாரையும் கூப்பிடவில்லை. அங்கேதான் நான் நின்றுவிட்டேன்.

எஸ்றா77, உங்கள் கேள்விக்கு வருகிறேன். அது கேள்வி என்றே வைத்துக்கொள்வோம். கேள்வி என்றால் இரண்டு பதில் இருக்க வேண்டும். 200 பேர் பார்த்துக்கொண்டிருக்க, மைக்கில் பெயர் சொல்லி எழுப்பப்பட்ட ஒரு விசுவாசி "ஊசியை" என்று சொல்லியிருக்க முடியுமா?

எஸ்றா77:
ஏன் முடியாது? இரண்டையும் நம்புகிறேன் என்று சொல்லியிருக்கலாம். யார் வாயைப் பொத்தினார்கள்? வீட்டுக்குப் போனபிறகு ஊசி போட்டிருக்கலாம். பிள்ளை நீங்கள் போட்டுவிட்டிருக்கலாமே!

மார்த்தாள்:
எஸ்றா ஐயா, கடைசி வரியை அழியுங்கள். தயவுசெய்து.

எஸ்றா77:
எதற்கு அழிக்க வேண்டும்? அவர்தானே விவரம் எல்லாம் எழுதினார்? நான் எழுதினால் மட்டும் குற்றமா?

தேரிக்காட்டான்:
அழிக்க வேண்டாம், இருக்கட்டும். மூன்றாம் நாள் ராத்திரி நான் பானையிலிருந்து பாட்டிலை எடுத்தேன். "உன் அவிசுவாசத்தை என் உடம்பில் ஏற்றாதே" என்றாள். திரும்ப வைத்துவிட்டேன். பாட்டில் பாதிக்கு மேல் இருந்தது. அந்த வார்த்தையை அவள் எங்கே கற்றாள் என்று நினைக்கிறீர்கள்?

நாசரேத்துக்காரன்:
தம்பி, ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். அப்போதே எங்கள் பக்கம் ஏதாவது ஒரு சபைக்கு வந்திருந்தால் கிறிஸ்துவை விட்டிருக்க மாட்டீர்கள்தானே?

எஸ்றா77:
பார்த்தீர்களா, ஆள் பிடிக்க ஆரம்பித்துவிட்டார்! அண்ணாச்சி, முதலில் தொட்டிலுக்குப் பதில் சொல்லுங்கள். தம்பி, நீங்கள் இப்போது சொன்னதும் அம்மாவின் சொந்த வார்த்தைதான், போதகர் வார்த்தை இல்லை. நிறுத்து என்று அவர் சொன்னதாக இதுவரை ஒருவரும் காட்டவில்லை. நாளை ஞாயிறு. ஆராதனை முடிந்து வந்து மீதியை எழுதுகிறேன்.