கஞ்சி மட்டும் வேண்டாம் என்றாள்

புதுக்குடியிருப்புக்காரி

போன மாதம் நடந்தது. இன்னும் மனதைக் குடைகிறது, அதனால் எழுதுகிறேன்.

என் சிநேகிதி, பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவள். மார்பில் புற்றுநோய்க் கட்டி. வெட்டி எடுத்த பிறகு தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் மூன்று கிழமைக்கு ஒருமுறை மருந்து ஏற்றுகிறார்கள். விடியப்புறம் எழும்பி, பரந்தன் வந்து, ஆனையிறவு தாண்டிப் போய், இருட்டும்போது வீடு திரும்பினால் பிறகு இரண்டு மூன்று நாள் படுக்கைதான். இந்த அலைச்சல் இங்கே கனபேருக்குத் தெரிந்ததுதானே.

மூன்றாவது மருந்துக்குப் பிறகு அவளுடைய மகள் போன் எடுத்தாள். அம்மா ஒன்றும் வாயில் வைக்கிறா இல்லை, வாயெல்லாம் புண், எதைத் தின்றாலும் இரும்பை நக்கினதுபோல இருக்குதாம் என்றாள். நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. மொட்டைக்கறுப்பன் அரிசியைக் குழைய அவித்து, முதல்பால் விட்டு, உறைப்பு புளி ஒன்றும் இல்லாமல் கஞ்சி காய்ச்சினேன். தூக்குச்சட்டியில் விட்டு, ஆறிவிடாமல் துவாயால் சுற்றி, சைக்கிள் கூடைக்குள் வைத்துக்கொண்டு போனேன்.

மூடியை அவளே திறந்தாள். ஆவி முகத்தில் அடித்தது. சத்தி எடுக்கப்போகிறாள் என்று கோப்பையைத் தேடினேன். அவள் சத்தி எடுக்கவில்லை. மூடியைத் திரும்ப வைத்து, இரண்டு உள்ளங்கையாலும் அமத்திப் பிடித்தாள். உள்ளே இருந்து ஏதோ வெளியே வந்துவிடும் என்பதுபோல அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். கையில் மருந்து ஏற்றின இடம் கறுத்துப்போய்க் கிடந்தது.

"கஞ்சி வேண்டாமடி. வேற என்னத்தையும் கொண்டு வா. கஞ்சி மட்டும் வேண்டாம்."

2009 ஏப்ரல், மாத்தளன், சண்டையின் கடைசிக் காலம். கஞ்சிக்கு வரிசையில் நின்றோம். வரிசைக்குள் ஷெல் விழுந்தது. அவளுடைய தம்பி எங்களுக்குப் பத்துப் பேர் முன்னால் நின்றான், கையில் பால்மா டின்னோடு. இதற்கு மேல் எழுதவில்லை. இங்கே இருக்கிறவர்களுக்கு எழுதத் தேவையும் இல்லை.

நானும் அந்த வரிசையில் நின்றவள். ஒவ்வொரு மே 18க்கும் முள்ளிவாய்க்கால் நினைவாக ரோட்டோரத்தில் கஞ்சி கொடுக்கும்போது அவள் சிரட்டையை வாங்காமல் மற்றப் பக்கத்தால் போவதைக் கண்டிருக்கிறேன். ஒருநாளும் ஏன் என்று கேட்டதில்லை, ஏனென்றால் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டும் எப்படிக் காய்ச்சிக்கொண்டு போனேன்? வாய்ப்புண்ணை யோசித்தேன், அவளை யோசிக்கவில்லை.

அக்கராயன்

அக்கா, வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழும்பிப் போய்விட்டு வந்தேன்.

என்னுடையது சின்னச் சம்பவம். கூட்டாளிக்குக் குடலில். ஆனி மாத வெயில், குளம் வற்றி வெடித்துக் கிடக்கிறது. மருந்து ஏற்றி இரண்டு நாள். பாவம், வெக்கையில் கிடக்கிறானே என்று இரண்டு இளநீர் வெட்டி, வழுக்கையும் வழித்துப் போட்டு, பிரிட்ஜில் வைத்து நல்லாகக் குளிரவைத்துக் கொண்டுபோனேன். டம்ளரைக் கையில் கொடுத்ததுதான் தாமதம், நெருப்பைத் தொட்டவன்போல விட்டுவிட்டான். நிலமெல்லாம் இளநீர். விரல் நுனி எல்லாம் நாகதாளி முள் ஏறினதுபோல இருக்குதென்று கையை உதறினான். அவனுக்கு ஏற்றுவது ஒக்சாலிபிளாட்டின். அது ஏற்றினால் பிறகு சில நாளைக்குக் குளிர் ஆகாது. தொட்டாலே கை விறைக்கும், குடித்தால் தொண்டை இறுகும்.

என் மனதில் நிற்பது அது இல்லை. விழுந்த டம்ளரை அவன் சாரத் தலைப்பால் பிடித்துத் தூக்கி, அடியில் மிஞ்சிக் கிடந்த வழுக்கையை விரலால் எடுத்து வாயில் போட்டு, "நல்லாத்தான்டா இருக்கு" என்றான். முகம் சுருங்கியது. எனக்காகச் சாப்பிட்டான். இப்போது இளஞ்சூட்டில் மல்லித்தண்ணிதான் கொண்டுபோகிறேன், போத்தலை என் கன்னத்தில் வைத்துப் பார்த்த பிறகு.

முள்ளியவளை

நீங்கள் எல்லாரும் கஞ்சியைக் குற்றவாளியாக்கக் கூடாது. அந்த அக்காவின் சிநேகிதிக்கு நடந்தது வேறு. எங்கள் அப்பாவைக் காப்பாற்றியது கஞ்சிதான்.

நாற்பது வருடம் வெற்றிலை போட்ட வாய். மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில் நின்று கதிர் அடித்துவிட்டு வந்தார். எச்சில் ஊறாது, நாக்கு வெடித்துக் கிடந்தது. சோறு இறங்காது, பிட்டு தொண்டைக்குள் போய் நிற்கும். கஞ்சியை மிக்சியில் அடித்து, மெல்லிய துணியில் வடித்து, நாளுக்கு ஏழெட்டுத் தரம் அரைக் கோப்பை அரைக் கோப்பையாகக் கொடுத்தோம்.

ஒருநாள் அம்மாவிடம் நந்திக்கடல் இறால் கறி வைக்கச் சொன்னார். சாப்பிட ஏலாதே என்று அம்மா அழுதா. "நீ வை" என்றார். வைத்தா, நல்ல உறைப்பாக, முருங்கைக்காயும் போட்டு. அந்தக் கறிக் கோப்பையைத் தனக்கு முன்னால் வைக்கச் சொல்லிவிட்டு, அதைப் பார்த்துப் பார்த்துக் கஞ்சி குடித்தார். ஒரு முழுக் கோப்பை. அதுவரை முழுக் கோப்பை குடித்ததே இல்லை. பிறகு கறியை எங்களிடம் தள்ளிவிட்டார். நாங்கள் சாப்பிடும் வரைக்கும் எழும்பவில்லை.

மாங்குளம்

நான் டொக்டரோ தாதியோ இல்லை. மனைவிக்கு இரண்டு வருடம் சமைத்தவன். கஞ்சியா இளநீரா என்று கதைத்துக்கொண்டிருக்கிறீர்கள், முக்கியமானதை ஒருவரும் சொல்லவில்லை.

மருந்து ஏற்றி ஏழாம் நாளில் இருந்து பதினாலாம் நாள் வரைக்கும்தான் பெரும்பாலும் ஆபத்தான காலம். வெள்ளை அணு இறங்கிவிடும். அந்த நேரம் எங்களுக்கு ஒன்றும் செய்யாத கிருமி அவர்களைக் கொண்டுபோய் வார்ட்டில் போடும். ஆசைக்கு என்று சட்டித்தயிர், பழஞ்சோறு, அரைவேக்காட்டு முட்டை, காய்ச்சாத பால் எதுவும் வேண்டாம். வல்லாரைச் சம்பலும் பச்சை வெங்காயமும் இருந்த இடத்தில் இருக்கட்டும். கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்துக் கொடுங்கள். காலையில் வடித்த சோற்றை மத்தியானம் கொண்டுபோகாதீர்கள். சோற்றில் ஒரு கிருமியின் வித்து அவித்தாலும் சாகாமல் கிடக்கும், வெக்கையில் வைத்தால் திரும்பப் பெருகும். கொண்டுபோன சாப்பாட்டில் மிச்சம் வந்தால் நீங்கள் சாப்பிடுங்கள், அவர்களுக்கு வைத்துவிட்டு வராதீர்கள்.

இரும்பு ருசி சொன்ன தங்கச்சிக்கு: எவர்சில்வர் கரண்டியை மாற்றி பிளாஸ்டிக் கரண்டி கொடுத்துப் பாருங்கள், என் மனைவிக்கு உதவியது. தாளிக்கிற மணம்தான் சத்தியைக் கிளப்பும். உங்கள் வீட்டில் தாளித்து, ஆறவைத்து, பிறகு கொண்டுபோங்கள். காய்ச்சல் 38 பாகைக்கு வந்தால் பனடோலைப் போட்டுவிட்டு விடியட்டும் என்று இருக்காதீர்கள், நடு இரவு என்றாலும் ஆஸ்பத்திரிக்கு ஏற்றுங்கள்.

இன்னொன்று. முள்ளு அன்னமுன்னா (முள்சீத்தா) இலையை அவித்துக் குடித்தால் மாறும், சீனியை விட்டால் மாறும் என்று வீட்டுக்கு வீடு சொல்வார்கள். என் மனைவி சீனி இல்லாத தேத்தண்ணியை ஆறு மாதம் குடித்தா. யாரோ சொன்னார்கள் என்று நான்தான் சீனியை நிறுத்தினேன். கிளினிக்கில் கேட்டபோது அப்படி ஒன்றும் இல்லை, உடம்பு மெலியாமல் இருப்பதுதான் முக்கியம் என்றார்கள். அன்று பின்னேரம் இரண்டு கரண்டி சீனி போட்டுக் கொடுத்தேன். கோப்பையை மூக்குக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு கனநேரம் இருந்தா.

நெடுங்கேணி

மாங்குளம் அண்ணா, அந்த அக்கா ஆலோசனை கேட்கவில்லை. ஆனால் நீங்கள் எழுதினது எனக்குத்தான் வந்து பட்டது.

என் நண்பன் கடைசி வரைக்கும் பாலைப்பழம் கேட்டான். சின்ன வயதில் இரண்டு பேரும் காட்டுக்குள் போய், வாயெல்லாம் பால் ஒட்ட ஒட்டத் தின்றுவிட்டு, உதட்டில் எண்ணெய் தடவிக்கொண்டு வீட்டுக்கு வருவோம். நோயில் கிடந்தபோது பழக்காலம் வந்தது. கழுவாத பழம் கூடாது, கிருமி கூடாது, எல்லாம் தெரியும். அவனுடைய மனைவியும் வேண்டாம் என்று சொல்லியிருந்தா. கொதித்து ஆறின தண்ணீரில் கழுவி, ஐந்தே ஐந்து பழம் பொக்கற்றுக்குள் வைத்துக் கொண்டுபோய், அவ தண்ணீர் அள்ளப் போன நேரத்தில் கொடுத்தேன். தோலை உரிக்க அவனுக்கு விரலில் பலம் இல்லை. நான் பிதுக்கிப் பிதுக்கி வாயில் வைத்தேன். கொட்டைகளை என் கையில் துப்பினான்.

பதினொரு நாளில் போய்விட்டான். பழத்தால் இல்லை என்று எல்லாரும் சொல்கிறார்கள். அவனுடைய மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.

மாங்குளம்

தம்பி, பதினொரு நாளில் போகிற ஒருவனுக்கு ஐந்து பழம் கொடுத்தது பிழை என்று நான் எழுதவில்லை. அப்படி வாசித்திருந்தால் மன்னியுங்கள். நான் எழுதினது மாறி எழும்பப் போகிறவர்களுக்கு.

அவனுடைய மனைவியிடம் சொல்லிவிடுங்கள். என் மனைவிக்கும் யாராவது ஒளித்து எதையாவது கொடுத்திருந்தால் எனக்குத் தெரிய ஆசை.

புதுக்குடியிருப்புக்காரி

எல்லாருக்கும் நன்றி. கரண்டி மாற்றினோம் அண்ணா, கொஞ்சம் பரவாயில்லையாம்.

மிச்சக் கதையையும் சொல்லவேண்டும். அன்று தூக்குச்சட்டியைத் திரும்பக் கொண்டுவந்து குசினியில் வைத்தேன். ஊற்ற மனம் வரவில்லை. அரிசி ஊற்றி எறிகிற வயது எங்களுக்கு அந்த வருடத்தோடு போய்விட்டது. நின்றபடியே நானே குடித்தேன், முழுவதும்.

மற்ற நாள் இடியப்பம் அவித்தேன், சிவப்பு அரிசிமா. பச்சை மிளகாயும் தேசிக்காயும் இல்லாமல் வெந்தயம் மட்டும் போட்டுச் சொதி. இடியப்பத்தைச் சொதிக்குள் ஊறவிட்டுப் பிசைந்தால் அதுவும் கஞ்சி மாதிரித்தான் வரும். அந்தப் பயத்தில் பிசையாமல் தட்டில் வைத்துக் கொடுத்தேன். அவள் தானே விரலால் பிசைந்து மூன்று இடியப்பம் சாப்பிட்டாள். நாலாவதைப் பாதி.

கையைக் கழுவிவிட்டு என்னைப் பார்க்காமல் கேட்டாள்: "நேற்றைய கஞ்சியை என்ன செய்தனீ?"

"குடிச்சிட்டன்."

"முழுக்கவோ?"

"ஓம்."

தலையாட்டினாள். பிறகு தம்பியின் பெயரைச் சொன்னாள். பதினைந்து வருடத்துக்கு மேல் அவள் வாயால் அந்தப் பெயரை நான் கேட்டதில்லை. அவனுக்குச் சொதி பிடிக்காது, சம்பல்தான் கேட்பான் என்றாள். அதோடு படுத்துவிட்டாள்.

வியாழக்கிழமை நாலாவது மருந்து. மா வறுத்து அரித்து வைத்திருக்கிறேன்.